சொந்த சர்வரில் மொழி மாதிரி: நினைவகக் கணக்கும் நிர்வாகப் பொறுப்பும்

அரசு அலுவலகங்களில் நடைபெறும் வேலையின் பெரும்பகுதி படிப்பதும் சுருக்குவதும் வரைவு எழுதுவதுமே ஆகும். மனுக்கள், தணிக்கைக் குறிப்புகள், ஆய்வுக் கூட்ட நடவடிக்கைகள், நீதிமன்ற ஆணைகள் ஆகியவை நாள்தோறும் வந்து குவிகின்றன. ‘லார்ஜ் லாங்குவேஜ் மாடல்’ எனப்படும் பெருமொழி மாதிரிகள் இவ்வகை வேலைக்குத் துணை நிற்கக் கூடியவை என்பது அண்மைக் காலத்தில் தெளிவாகியுள்ளது. ஆயினும் இணையத்தின் வழியே கிடைக்கும் சேவையைப் பயன்படுத்தும்போது, கேட்கப்படும் கேள்வியும் அத்துடன் இணைக்கப்படும் கோப்பும் வேறொரு நிறுவனத்தின் கணிப்பொறிக்குச் சென்றே திரும்புகின்றன. ஒரு விதவையின் ஓய்வூதிய மனுவில் அவரது வங்கிக் கணக்கு எண், நோய் விவரம், குடும்ப நிலை ஆகிய யாவும் அடங்கியிருக்கும். அம்மனு அலுவலகத்தின் எல்லையைக் கடப்பதற்கு அவர் இசைவு அளித்தவர் அல்லர்.

இக்காரணத்தாலேயே, 2025 ஜனவரி இறுதியில் மத்திய நிதி அமைச்சகம் தன் ஊழியர்கள் அலுவலகக் கணிப்பொறிகளில் சாட்ஜிபிடி, டீப்சீக் போன்ற கருவிகளைப் பயன்படுத்தலாகாது என அறிவுறுத்தியது. அரசு ஆவணங்களின் இரகசியத்துக்கு அவற்றால் இடர் நேரக்கூடும் என்பதே கூறப்பட்ட காரணம். தடை அவசியமானதே, எனினும் தேவை அதனால் மறைந்துவிடுவதில்லை. மாதிரியை அலுவலகத்துக்குள்ளேயே கொண்டுவந்து சொந்த சர்வரில் இயக்குவது இதற்கு ஒரு மாற்று வழியாகும். அவ்வாறு இயக்குவதற்கு என்ன தேவை, எவற்றைத் தீர்மானிக்க வேண்டும், எங்கெங்கே தவறு நேரக்கூடும் என்பவை நிர்வாகிகளும் மாணவர்களும் அறிந்திருக்க வேண்டியவை.

மாதிரி என்பது யாது?

மொழி மாதிரி என்பது அடிப்படையில் எண்கள் நிறைந்த ஒரு கோப்பு. 2017இல் வெளியான ‘டிரான்ஸ்ஃபார்மர்’ என்னும் கட்டமைப்பைப் பின்பற்றி, பேரளவு நூல்களையும் ஆவணங்களையும் கொண்டு அந்த எண்கள் கணக்கிடப்படுகின்றன. இக்கணக்கீட்டுக்குப் பயிற்சி என்று பெயர். அதற்கு ஆயிரக்கணக்கான செயலிகளும் பல கோடி ரூபாயும் தேவை. பயிற்சி முடிந்த மாதிரியைக் கொண்டு விடை பெறுவது ‘இன்ஃபரன்ஸ்’ எனப்படும். இதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு. அணை கட்டுவதற்கும் கட்டிய அணையிலிருந்து வாய்க்கால் வெட்டிக்கொள்வதற்கும் உள்ள வேறுபாடே இவ்விரண்டுக்கும் இடையே உள்ளது. ஒரு மாவட்ட அலுவலகம் அணை கட்ட வேண்டியதில்லை.

பயிற்சி முடிந்த எண்களைப் பொதுமக்கள் பதிவிறக்கிக்கொள்ள அனுமதிக்கும் மாதிரிகளைத் ‘திறந்த எடை’ மாதிரிகள் என்பர். லாமா, மிஸ்ட்ரல், கெம்மா, க்வென் ஆகியவை இவ்வகையின. இவற்றை இயக்கும் மென்பொருள்களும் விலையின்றிக் கிடைக்கின்றன. 2023 மார்ச்சில் தொடங்கப்பட்ட ‘லாமா.சிபிபி’ சாதாரண மேசைக் கணிப்பொறியிலும் மாதிரியை இயக்க வழிசெய்தது. கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் உருவான ‘விஎல்எல்எம்’ ஒரே சமயத்தில் பலருக்கு விடையளிக்க ஏற்றது. ஒருவர் இருவர் மட்டும் பயன்படுத்தும் இடத்தில் முன்னதும், ஒரு துறை முழுவதும் பயன்படுத்தும் இடத்தில் பின்னதும் பொருந்தும்.

நினைவகமே தட்டுப்பாடான பொருள்

சர்வரை அமைப்பதில் எழும் பெரும்பாலான கேள்விகள் ஒரே பொருளைப் பங்கிடுவது பற்றியவை. வரைகலைச் செயலி எனப்படும் ஜி.பி.யூ.வின் நினைவகமே அப்பொருள். ஓர் ஆண்டின் வரவு செலவுத் திட்டத்தில் ஒரு தலைப்புக்குக் கூட்டினால் இன்னொன்றில் குறைக்க நேரிடுவது போல, இதிலும் ஒன்றுக்கு ஒதுக்கியது பிறிதொன்றுக்குக் கிடைக்காது.

முதல் ஒதுக்கீடு மாதிரிக்கே உரியது. 800 கோடி எண்களைக் கொண்ட மாதிரியில் ஒவ்வோர் எண்ணும் 16 பிட் இடம் கொள்ளுமானால், மொத்தம் 16 ஜிகாபைட் தேவைப்படும். அதே எண்களை 8 பிட்டுக்குச் சுருக்கினால் 8 ஜிகாபைட்டும், 4 பிட்டுக்குச் சுருக்கினால் நடைமுறையில் ஏறத்தாழ 5 ஜிகாபைட்டும் போதும். 7,000 கோடி எண்களைக் கொண்ட மாதிரிக்கு 16 பிட்டில் 140 ஜிகாபைட் வேண்டும். அது ஒரே அட்டையில் அடங்குவது அரிது. இவ்வாறு எண்களைச் சுருக்குவதற்குக் ‘குவான்டைசேஷன்’ என்று பெயர்.

சுருக்கத்துக்கு ஒரு விலை உண்டு. 8 பிட்டில் தரக்குறைவு பெரும்பாலும் புலப்படுவதில்லை. 4 பிட்டில் சிறிது குறையும்; அதற்கும் கீழே சென்றால் குறை வெளிப்படையாகத் தெரியும். லத்தீன் எழுத்தைப் பயன்படுத்தாத மொழிகளே இச்சுருக்கத்தால் கூடுதலாகப் பாதிக்கப்படுகின்றன என்று 2024இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியுள்ளது. ஆகவே ஆங்கிலத்தில் சோதித்துவிட்டு, அதே அமைப்பு இந்தியிலும் தமிழிலும் அவ்வளவே நன்றாக இயங்கும் என்று கொள்வது பொருந்தாது.

நீண்ட கோப்பும் குறுகிய சாளரமும்

இரண்டாவது ஒதுக்கீடு, கேள்வியோடு வரும் ஆவணத்துக்கு உரியது. மாதிரி எழுத்துகளை அப்படியே படிப்பதில்லை. அவற்றை ‘டோக்கன்’ என்னும் துண்டுகளாக்கிக்கொள்கிறது. படித்த ஒவ்வொரு டோக்கன் பற்றியும் ஓர் இடைக்குறிப்பை நினைவகத்தில் வைத்துக்கொண்டே அடுத்த சொல்லை வருவிக்கிறது. இவ்விடைக்குறிப்புகளின் தொகுப்புக்குக் ‘கே.வி. கேஷ்’ என்று பெயர். 2024 ஜூலையில் வெளியான லாமா 3.1 வரிசையின் 800 கோடி மாதிரியில், 16 பிட் கணக்கில் ஒரு டோக்கனுக்கு 128 கிலோபைட் தேவைப்படுகிறது. அதாவது 8,192 டோக்கன்களுக்கு ஒரு ஜிகாபைட். அம்மாதிரி ஏற்கக்கூடிய பேரளவான 1,31,072 டோக்கன்களையும் ஒருவரே பயன்படுத்துவாராயின், அவர் ஒருவருக்கு மட்டும் 16 ஜிகாபைட் செலவாகும். அது 16 பிட்டில் மாதிரி கொள்ளும் இடத்துக்குச் சமம்.

எனவே ஒரு கேள்விக்கு எத்தனை டோக்கன் வரை அனுமதிப்பது என்பதை நிர்வாகியே தீர்மானிக்க வேண்டும். இதனைச் சூழல் நீளம் என்பர். இத்தீர்மானத்தை எடுக்காமல் விடுவதில்தான் பெருந்தீங்கு நேர்கிறது. சில மென்பொருள்கள் எல்லை மீறினால் பிழைச் செய்தி தந்து மறுத்துவிடும். வேறு சில, அளவுக்கு மேற்பட்ட பகுதியை ஓசையின்றி வெட்டிவிட்டு, எஞ்சியதைக் கொண்டு விடை தரும். எளிய நிறுவலுக்குப் பெயர்பெற்ற ‘ஒல்லாமா’வில் இயல்பாக வைக்கப்பட்ட அளவு நெடுங்காலம் 2,048 ஆகவும் பின்னர் 4,096 ஆகவும் இருந்தது. இருபது பக்க முறையீடு ஒன்றின் முற்பகுதி இவ்வாறு வெட்டப்பட்டாலும், வெளிவரும் சுருக்கம் முழுமையானது போலவே காட்சியளிக்கும். பணிக்காலத்தின் தொடக்கத் தேதி முதல் பக்கத்தில் இருந்திருந்தால், அது சுருக்கத்தில் இராது. இல்லை என்பதும் எவருக்கும் தெரியாது. கோப்பைப் படிக்காமல் சுருக்கத்தை மட்டும் நம்பி ஆணை பிறப்பித்தால் பாதிக்கப்படுபவர் மனுதாரரே.

இந்திய மொழிகளின் கூடுதல் சுமை

டோக்கன் கணக்கு எல்லா மொழிகளுக்கும் ஒன்றாக இருப்பதில்லை. பெரும்பாலும் ஆங்கில நூல்களைக் கொண்டு வகுக்கப்பட்ட துண்டாக்க முறை, ஆங்கிலச் சொல்லை ஒன்றிரண்டு துண்டுகளிலும் தமிழ்ச் சொல்லைப் பல துண்டுகளிலும் அடக்குகிறது. 2024 மே மாதத்தில் ஓப்பன்ஏஐ நிறுவனம் தன் புதிய துண்டாக்க முறையை அறிவித்தபோது தந்த எடுத்துக்காட்டு இதனை நன்கு விளக்கும். ஒரே பொருள் கொண்ட சிறு பகுதிக்குப் பழைய முறையில் ஆங்கிலத்தில் 27 டோக்கன்களும், இந்தியில் 90, தமிழில் 116, தெலுங்கில் 159 டோக்கன்களும் தேவைப்பட்டன. புதிய முறையில் இவை முறையே 24, 31, 35, 45 எனக் குறைந்தன. அதே வழியில் அமைந்த துண்டாக்க முறை, அந்நிறுவனம் 2025 ஆகஸ்டில் வெளியிட்ட திறந்த எடை மாதிரிகளிலும் இடம்பெற்றுள்ளது.

இவ்வேறுபாடு மொழியியல் ஆர்வத்துக்கு மட்டும் உரிய செய்தியன்று. டோக்கன் பெருகினால் நினைவகம் பெருகும். விடை வரும் நேரமும் நீளும். ஆகவே இந்திய மொழியில் பணிபுரியும் அலுவலகம் மாதிரியைத் தேர்ந்தெடுக்கும் முன்பு, தன்னிடம் உள்ள பத்து ஆவணங்களை எடுத்து, ஒவ்வொன்றும் எத்தனை டோக்கன்களாகிறது என எண்ணிப் பார்ப்பது நலம். அதற்குச் சில நிமிடங்களே ஆகும்.

வேகத்தை நிர்ணயிப்பது எது?

மாதிரி ஒவ்வொரு டோக்கனை எழுதும்போதும் தன் எண்கள் முழுவதையும் நினைவகத்திலிருந்து ஒரு முறை படித்தாக வேண்டும். ஆதலால், தனி ஒருவருக்கு விடை வரும் வேகத்தின் மேல்வரம்பு, நினைவகம் விநாடிக்குத் தரக்கூடிய தரவின் அளவை மாதிரியின் அளவால் வகுத்துக் கிடைப்பதே. என்விடியா நிறுவனத்தின் எல்4 அட்டையில் 24 ஜிகாபைட் நினைவகம் உண்டு. அது விநாடிக்கு 300 ஜிகாபைட் தரும். 16 ஜிகாபைட் மாதிரி அதில் விநாடிக்கு 18 டோக்கனுக்கு மேல் எழுத இயலாது. 8 ஜிகாபைட்டாகச் சுருக்கினால் மேல்வரம்பு 37 ஆகும். மேசைக் கணிப்பொறியின் சாதாரண நினைவகம் விநாடிக்கு ஏறத்தாழ 90 ஜிகாபைட் அளவிலேயே தரும் என்பதால், அங்கு அதே மாதிரி 11 டோக்கனைத் தாண்டாது.

ஒரு முறை படித்த எண்களைக் கொண்டே பலரின் கேள்விகளுக்கும் அடுத்தடுத்த டோக்கனைக் கணக்கிடலாம் என்பது இங்கே உள்ள நல்வாய்ப்பு. ஒரு பேருந்து ஒருவரை ஏற்றிச் சென்றாலும் நாற்பது பேரை ஏற்றிச் சென்றாலும் எரிபொருள் செலவு பெரிதும் மாறாதது போன்றதே இது. ஒருவர் இறங்கியவுடன் அடுத்தவரை ஏற்றிக்கொள்ளும் தொடர் தொகுப்பு முறை 2022இல் விளக்கப்பட்டது. 2023இல் வெளியான பெர்க்லி ஆய்வு, அதுவரையிலான அமைப்புகளில் இடைக்குறிப்புகளுக்கென ஒதுக்கிய நினைவகத்தில் 20.4 முதல் 38.2 விழுக்காடு மட்டுமே உண்மையில் பயன்பட்டது எனக் கண்டது. எஞ்சியது வீண். அந்நினைவகத்தைச் சிறு பக்கங்களாகப் பிரித்துத் தேவைக்கேற்ப வழங்கும் முறையை அவ்வாய்வு முன்வைத்தது. விஎல்எல்எம் இம்முறையைப் பின்பற்றுவதாலேயே ஒரே அட்டையில் கூடுதலானவர்களுக்குச் சேவை தர முடிகிறது.

ஓர் அலுவலகத்துக்கான கணக்கு

மேற்கூறியவற்றை ஓர் எடுத்துக்காட்டில் பொருத்திப் பார்க்கலாம். 24 ஜிகாபைட் அட்டை ஒன்று உள்ளது எனக் கொள்வோம். அதில் 90 விழுக்காட்டை மட்டும் மென்பொருள் பயன்படுத்த அனுமதிப்பது வழக்கம். ஆகக் கிடைப்பது 21.6 ஜிகாபைட். லாமா 3.1 வரிசையின் 800 கோடி மாதிரியை 8 பிட்டில் வைத்தால் 8 ஜிகாபைட் போகும். கணக்கீட்டுக்கான தற்காலிக இடமாக 2 ஜிகாபைட் ஒதுக்கினால், எஞ்சுவது ஏறத்தாழ 11 ஜிகாபைட். டோக்கனில் சொன்னால் இது சுமார் 90,000.

இந்த 90,000 டோக்கன்களை எவ்வாறு பங்கிடுவது என்பதே நிர்வாகத் தீர்மானம். ஒருவருக்கு 8,192 என வரையறுத்தால் 11 பேர் ஒரே நேரத்தில் பயன்படுத்தலாம். 16,384 என்றால் 5 பேர். 32,768 என்றால் இருவர் மட்டுமே. ஆங்கிலப் பக்கம் ஒன்றுக்கு 400 டோக்கன் எனக் கொண்டால், இருபது பக்க ஆவணம் 8,000 டோக்கன்களில் அடங்கும். அதே ஆவணம் தமிழில் இருந்து, துண்டாக்க முறை நான்கு மடங்கு கேட்குமானால் 32,000 ஆகும்; ஒன்றரை மடங்கு மட்டும் கேட்குமானால் 12,000 ஆகும். இடைக்குறிப்பின் அளவு மாதிரிக்கு மாதிரி மாறுபடும் என்றாலும், அது சமமாக இருக்குமிடத்தில் முதல் நிலையில் ஒரே அட்டை இருவருக்கும், இரண்டாம் நிலையில் எழுவருக்கும் பயன்படும். புதிய அட்டை வாங்காமலேயே மாதிரித் தேர்வினால் மட்டும் கிடைக்கும் ஆதாயம் இது.

வரிசையில் காத்திருப்போர் எண்ணிக்கைக்கும் ஒரு வரம்பு வைப்பது நன்று. விடையின் நீளத்துக்கு வரம்பு வைத்தால், ஒருவரது கேள்வி மற்றவரின் நேரத்தை விழுங்காது. எழுத்துப் போக்கில் மாறுபாட்டை மிகுவிக்கும் ‘டெம்பரேச்சர்’ என்னும் அளவை, ஆவணச் சுருக்கம் போன்ற பணிகளுக்குப் பூச்சியத்துக்கு அருகில் வைப்பதே ஏற்றது.

உள்ளூரில் இருப்பதே பாதுகாப்பு ஆகிவிடாது

சர்வர் சொந்த அறையில் இருப்பதால் மட்டும் கோப்புகள் காக்கப்பட்டுவிட்டன என்று கருதலாகாது. இம்மென்பொருள்களில் பல, நிறுவியவுடன் கடவுச்சொல் எதனையும் கேட்பதில்லை. ஒல்லாமா இயல்பாக 127.0.0.1 என்னும் முகவரியில், அதாவது அதே கணிப்பொறிக்கு மட்டும் விடையளிக்கும் வகையில் அமைகிறது. மற்றவர்களும் பயன்படுத்தட்டும் என்று அதனை 0.0.0.0 என மாற்றிவிட்டு, ஃபயர்வாலைக் கவனியாது விட்டால், அந்தச் சர்வர் இணையம் முழுவதற்கும் திறந்துவிடக்கூடும். ஆகவே உள்வலைக்கு மட்டும் வழி திறத்தல், ஒவ்வொரு பயனருக்கும் தனி அடையாளம் தருதல், இடையே சான்றுபெற்ற வாயில் சர்வர் ஒன்றை நிறுவுதல் ஆகியவை தவிர்க்க முடியாதவை.

கேள்விகளும் விடைகளும் பதிவேட்டில் சேமிக்கப்படுமாயின், அப்பதிவேடும் மனுக்களைப் போன்றே காக்கப்பட வேண்டியது. எவ்வளவு நாள் வைத்திருப்பது, யார் பார்க்கலாம் என்பவற்றை முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். மாதிரிக் கோப்புகளைப் பதிவிறக்கும்போது ‘சேஃப்டென்சர்ஸ்’ அல்லது ‘ஜிஜியுஎஃப்’ வடிவங்களைத் தேர்ந்தெடுத்தல் வேண்டும். பழைய ‘பிக்கிள்’ வடிவக் கோப்பு திறக்கும்போதே தீய நிரலை இயக்கிவிட வல்லது. வெளியிலிருந்து வரும் ஆவணத்துக்குள் மாதிரிக்கு ஆணையிடும் வாசகங்கள் மறைந்திருக்கவும் கூடும் என்பதால், மின்னஞ்சல் அனுப்பவோ பதிவேட்டைத் திருத்தவோ மாதிரிக்கு அதிகாரம் தரலாகாது. உரிம நிபந்தனைகளையும் படித்துப் பார்க்க வேண்டும். திறந்த எடை மாதிரிகள் எல்லாம் ஒரே உரிமத்தின் கீழ் வருவன அல்ல.

2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தக்க பாதுகாப்பு ஏற்பாடுகளைச் செய்யத் தவறினால் ரூ. 250 கோடி வரை தண்டம் விதிக்க வகைசெய்கிறது. இரகசியம் எனக் குறிக்கப்பட்ட தாள்களுக்கு அவற்றுக்குரிய விதிகளே பொருந்தும். சர்வர் உள்ளூரில் இருப்பது அவ்விதிகளைத் தளர்த்துவதில்லை.

வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா?

சர்வரின் விலை ரூ. 6 லட்சம் எனவும், அதன் ஆயுள் ஐந்து ஆண்டு எனவும், ஆண்டுக்கு 250 நாட்கள் நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் அது உழைக்கும் எனவும் ஓர் எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். மொத்தம் 10,000 மணி நேரம். ஒரு மணி நேரத்துக்கு முதலீட்டுச் செலவு ரூ. 60 ஆகிறது. அதே சர்வர் நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் மட்டும் பயன்பட்டால் அச்செலவு ரூ. 480 ஆக உயரும். மின்செலவோ, 300 வாட் எனக் கொண்டால் ஐந்தாண்டுகளில் 3,000 யூனிட் மட்டுமே, யூனிட்டுக்கு ரூ. 8 வீதம் ரூ. 24,000. ஆகவே சிக்கனம் என்பது பெரிதும் இயந்திரத்தைச் சும்மா இருக்க விடாமையில் அடங்கியுள்ளது.

இதற்கு இரு வழிகள் உண்டு. பழைய கோப்புகளுக்கு அட்டவணை தயாரித்தல், சுற்றறிக்கைகளை மொழிபெயர்த்தல் போன்ற அவசரமற்ற பணிகளை இரவு நேரத்துக்கு ஒதுக்கலாம். அல்லது பல அலுவலகங்கள் கூடி ஒரே சர்வரைப் பகிர்ந்துகொள்ளலாம். 2024 மார்ச்சில் மத்திய அமைச்சரவை ரூ. 10,371.92 கோடி மதிப்பில் ஒப்புதல் அளித்த இந்தியா செயற்கை நுண்ணறிவு இயக்கத்தின் கீழ், ஜி.பி.யூ. வசதி ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ ரூ. 65 என்னும் மானிய விலையில் தரப்படுவதாக அரசு அறிவித்தது. தேவை குறைவாகவும் ஆவணங்கள் பொதுவானவையாகவும் இருக்குமிடத்தில் இத்தகைய வாடகை வசதியையும் ஒப்பிட்டுப் பார்ப்பது நிதி ஒழுங்குக்கு உகந்தது. பராமரிக்கும் ஊழியரின் ஊதியமும் இக்கணக்கில் சேர்க்கப்பட வேண்டும். பல இடங்களில் அதுவே இயந்திரத்தின் விலையை மிஞ்சும்.

நடைமுறைக்கு வருமுன்

சர்வர் பயன்பாட்டுக்கு வருமுன்பு, அலுவலகத்தின் சொந்தக் கோப்புகளில் ஐம்பதையாவது எடுத்து, அனுபவமுள்ள அலுவலர் எழுதிய சுருக்கத்தோடு மாதிரியின் சுருக்கத்தை ஒப்பிட வேண்டும். அவற்றுள் மிக நீளமான கோப்பு ஒன்று கட்டாயம் இருத்தல் வேண்டும். அக்கோப்பின் முதல் பக்கத்திலும் இறுதிப் பக்கத்திலும் உள்ள செய்தியைக் கேட்டுப் பார்த்தால், வெட்டு நேர்கிறதா என்பது உடனே தெரிந்துவிடும். மாதிரியை மாற்றும்போதும், மென்பொருளைப் புதுப்பிக்கும்போதும், சுருக்க அளவைக் குறைக்கும்போதும் இச்சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும்.

மாதிரி இல்லாத விதியை இருப்பது போல எழுதக்கூடும். இல்லாத தேதியை உறுதியோடு கூறவும் கூடும். சொந்த சர்வரில் இயங்குவதால் இக்குறை நீங்குவதில்லை. ஆகவே அது தரும் ஒவ்வொரு வரைவிலும், எந்தப் பக்கத்திலிருந்து செய்தி எடுக்கப்பட்டது என்னும் குறிப்பு இடம்பெறச் செய்து, அப்பக்கத்தை அலுவலர் பார்த்த பின்னரே கோப்பு மேலே செல்ல வேண்டும். ஆணையில் கையொப்பமிடுபவர் அலுவலரே. அதன் பயனை அடைபவரோ இழப்பவரோ குடிமகன். சூழல் நீளம், பயனர் வரம்பு, பதிவேட்டின் காலவரை ஆகிய தீர்மானங்களைத் தொழில்நுட்பப் பணியாளர் பொறுப்பில் மட்டும் விட்டுவிடாமல், அவற்றை எழுத்தில் பதிந்து ஆண்டுக்கு ஒரு முறை மறு ஆய்வு செய்வது துறைத் தலைவர்களின் கடமையாகும்.